குரங்கு ப, தண்ணீர் ப

ஓர் இணையதளத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மேஜைமேல் மடிக்கணினி, அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன், பக்கத்துத் தட்டில் கத்தரிக்கோல். விழா ஜூலையில் நடப்பதாக இருந்தது. அன்றைக்குக் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போட்டார்கள். மழைக்கு இருந்த விவேகம் ஆகஸ்டில் யாருக்கும் இருக்கவில்லை. கல்லூரி முதல்வர் ரிப்பனை வெட்டினார், விளக்கேற்றினார், ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் கல்லூரியின் சின்னம் சுழன்றது. பிறகு முதல்வரே திரையில் தோன்றி எல்லோரையும் வரவேற்றார். நேரில் நின்ற முதல்வர், திரையில் பேசிய முதல்வரைத் தலையசைத்து ஆமோதித்தார். கைதட்டினோம். சமோசா வந்தது. பேனரில் 'திறந்த கல்வி வளம்' என்று எழுதியிருந்தது. அந்தத் தளத்தில் ஒரு பாடத்தைக்கூட அன்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்தப் பாடங்களை எழுதியவன் நான்.

நான் ஆசிரியன் அல்ல. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; செம்பூரில் குடியிருக்கிறேன். பம்பாய்த் தமிழர்களைப் பற்றிக் குறிப்பெடுப்பது என் பழக்கம். மாட்டுங்காவில் எந்தக் கடைப் பலகையிலிருந்து தமிழ் எப்போது போனது, தாராவியில் எந்தச் சங்கம் எப்போது இரண்டாக உடைந்தது, இந்த மாதிரி விஷயங்கள். தேதி போடாத காகிதத்தை நான் நம்புவதில்லை. ஆனாலும் இங்கே ஒரு தேதியையும் எழுதப்போவதில்லை. எழுதினால் எந்தக் கல்லூரி என்று தெரிந்துவிடும். அந்த விளம்பரத்துக்குக்கூட அவர்கள் லாயக்கில்லை.

புதிய கல்விக் கொள்கை வந்து, இந்திய மொழி ஒன்றைக் கற்பித்தால் கல்லூரிக்கு நல்லது என்று ஆனபோது, அவர்கள் தமிழை எடுத்துக்கொண்டார்கள். காரணம் பற்று அல்ல. மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் நடுவே தமிழ்ப் பிள்ளைகள் சுலபமாகக் கிடைப்பார்கள். கற்பிக்க ஆள் வேண்டியிருந்தது. சங்கக் கூட்டம் ஒன்றில் என் பேச்சைக் கேட்டிருந்த ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக அலுவலக வேலை பார்க்கும் குடும்பத்து மனிதர். நல்ல சட்டை போடுவார். கல்லூரியில் அவர் என்ன பாடம் நடத்துகிறார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவரவில்லை. எதை ஒருங்கிணைக்கிறார் என்பதும் அப்படியே.

சனிக்கிழமை வகுப்பில் வெளியாட்களும் சேரலாம் என்று வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் தமிழ் பேச வரும். தாராவிக்காரர்கள் திருநெல்வேலியைக் கரைத்துக் குடித்த தமிழ் பேசுவார்கள். எழுத்தைக் காட்டினால் முழிப்பார்கள். படித்ததெல்லாம் ஆங்கிலம், இந்தி, மராத்தி. அவர்களுக்கென்று பாடப்புத்தகம் கிடையாது. அணில், ஆடு, இலை என்று தொடங்கும் புத்தகத்தை வளர்ந்தவர்களிடம் நீட்ட முடியாது. இந்தியில் ப என்ற ஒலிக்கே நான்கு எழுத்து பார்த்துப் பழகியவர்களுக்குத் தமிழின் ஒற்றை ப ஒரு பெரிய சந்தேகம். முதல் வாரமே பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்:

"சார், பானிக்கும் பந்தருக்கும் ஒரே எழுத்தா? தண்ணி கேட்டா குரங்கு வந்துருமே?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன். அதன்பிறகு வகுப்பில் எங்களுக்குள் அதுவே கணக்கு. உதட்டை மென்மையாகத் திறந்தால் குரங்கு ப. அழுத்தித் திறந்தால் தண்ணீர் ப. பழம் தண்ணீர். பயம் குரங்கு. சொல்லின் தலையில் எது வரும் என்று எழுத்து சொல்லாது. காது கேட்டுத்தான் பழக வேண்டும்.

வெளியிலிருந்து வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். முப்பதைக் கடந்தவள். தாராவியில் வீடு; சயானில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அவள் எதற்காக வந்தாள் என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் வருஷத்துக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு உண்டு. அன்று வேதவாசிப்பு ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும். போன வருஷம் அது இவளுக்குக் கிடைத்தது. தமிழ் எழுத்துத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, யாரோ ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பியதைக் கைப்பேசியில் வைத்து வாசித்திருக்கிறாள். பயப்படாதே என்று ஒரு சொல். வீட்டில் தினமும் சரியாகச் சொல்கிற சொல். ஆனால் கைப்பேசியில் பென்சிலுக்குப் போடுகிற ஆங்கில பி இருந்தது. பி என்று இருந்ததை அவள் அப்படியே அழுத்தி, பானியின் ப போட்டு, டாவையும் கல் மாதிரி வைத்து வாசித்தாள். சபை சிரித்தது. சிறுவர்கள் வாரக்கணக்கில் அவளைப் பார்த்த இடத்தில் எல்லாம் அந்தச் சொல்லை அதே மாதிரி சொல்லிக் காட்டினார்கள்.

"இந்த வருசம் பொஸ்தகத்தப் பாத்து வாசிக்கணும் சார்," என்றாள். "எங்க செக்ரட்டரி அக்கா சொல்லிட்டாவ. முந்தின சனிக்கிழம ஒத்திகைல தப்பில்லாம வாசிச்சாத் தருவாகளாம். இல்லன்னா வேற ஆளாம்."

"எப்போது அந்த ஞாயிறு?"

அவள் சொன்னாள். குறித்துக்கொண்டேன். தீபாவளிக்குப் பிறகு, குளிர் என்று பம்பாய்க்காரர்கள் சொல்லிக்கொள்ளும் அந்தச் சின்ன இதம் தொடங்குகிற சமயம். நாள் இருந்தது. ஆனால் லேபில் சனிக்கிழமை காலைதான் கூட்டம். பாதி வகுப்புகளுக்கு அவளால் வர முடியாது. அவளுக்கு இணையத்தில் வரப்போகும் பாடம்தான் வகுப்பு.

ஆகவே பாடங்களை ஒலிப்பதிவோடு தயாரித்தேன். சமையலறைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்லிப் பதிவு செய்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதிய தேதியைப் போட்டேன். அதற்கும் கீழே, யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், எழுதியவர் இன்னார் என்று சொன்னால் போதும் என்று திறந்த உரிம வாசகத்தை எழுதினேன். அதில் ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட்டார். அந்த வாசகம் இருந்தால் தர மதிப்பீட்டில் கல்லூரிக்குப் புள்ளி உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு விஷயத்தில்தான் அவருக்கு மனக்குறை.

"சார், லெசன் டைட்டில்ல குரங்குன்னு வர்றதே. இன்ஸ்பெக்ஷன் டீம் வந்து பார்ப்பா. நன்னா இருக்காது."

"அது மாணவன் கேட்ட கேள்வி. அவர்களுக்கு அதுதான் மனசில் நிற்கிறது."

"நிக்கட்டும். கிளாஸ்ல நிக்கட்டும். வெப்சைட்ல வேண்டாம். அப்புறம் டேட். எல்லாத்துக்கும் போன வருஷத்து டேட்டே போட்டுடுங்கோளேன். போன அகாடமிக் இயர்ல ஒண்ணுமே காட்டல்லே நாம."

"போன வருஷம் இந்த வகுப்பே இல்லையே."

"அதை யார் கேக்கப் போறா?"

நான் மறுத்தேன். தளம் வந்தபோது பார்த்தால், 'குரங்கு ப, தண்ணீர் ப' என்ற பாடத்துக்கு 'இதழொலிகளின் இருமைத் தன்மை' என்று தலைப்பு. தேதி முந்தைய வருஷம். என் பாடத்தை நான் எழுதத் தொடங்குவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். இத்தனை வருஷமாக அடுத்தவர்களுடைய தேதிகளைச் சரிபார்த்தவனுக்கு இப்படி ஒரு பரிசு.

இவ்வளவும் விழா மண்டபத்தின் வாசலில் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டது. பாடத்தின் உள்ளே போக முடியவில்லை. கடவுச்சொல் கேட்டது. திறந்த கல்வி வளம். திறக்க மாணவர் எண் வேண்டும். சனிக்கிழமை வகுப்பின் வெளியாட்களுக்கு மாணவர் எண்ணே கிடையாது. அவர்களையும் மனதில் வைத்துத்தான் அந்தப் பாடங்களையே எழுதினேன். பல நாள் அலைந்து எனக்கென்று ஓர் எண்ணை வாங்கி, அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அன்று மத்தியானமே லேபிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், உள்ள போயிட்டேன். ஆனா ஒண்ணும் புரியல. தமிழ்ல இப்பிடியும் எழுத்து உண்டுமா?"

"எப்படி?"

"டாலர் போட்டிருக்கு. தலைகீழா ஒரு கேள்விக்குறி. மந்திரம் மாதிரி இருக்கு சார். எனக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சேன்."

அவளுடைய அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இன்றுவரை எரிகிறது. பக்கம் முழுக்கக் குப்பையைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து, குறை தன்னிடம்தான் என்று அவள் நினைத்தாள். தமிழ் கற்கத் தொடங்கியவர் வேறு எப்படி நினைப்பார்?

உடனே திறந்து பார்த்தேன். நடந்தது இதுதான். நான் கொடுத்த பாடங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு 'ரொம்ப ப்ளெயின்' ஆகத் தெரிந்திருக்கின்றன. கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்க் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கொடுத்து, அழகாக அடித்து வாங்கியிருக்கிறார். கடைக்காரர் தன்னிடம் எப்போதும் இருக்கிற பழைய பத்திரிகை எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு அவர் கடைக் கணினியில் மட்டும்தான் தமிழ். இணையத்தில் ஏற்றியதும் அது டாலரும் தலைகீழ் கேள்விக்குறியும் ஆகிவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் கல்யாணத்துக்கு வேண்டியது கேட்டார்கள். கல்யாணத்துக்கு வேண்டியதைக் கொடுத்தார்.

முழுக்கவே கொடுத்திருந்தார். பக்கத்தைச் சுற்றிலும் மாவிலைத் தோரணமும் வாழைமரமும் போட்ட சட்டம். அது படமாக இருந்ததால் கெடவில்லை. அதன் அடிப்பகுதியில், கொடிபோல் வளைந்த எழுத்தில், 'தங்கள் நல்வரவை அன்புடன் எதிர்நோக்கும்' என்று ஒரு வரி; அதற்குக் கீழே கல்லூரிப் பாடக்குழு உறுப்பினர்களின் பெயர்கள், மணமக்களின் பெற்றோர் நிற்கிற இடத்தில். எல்லாப் பாடத்திலும் இதே சட்டம். பாடங்களின் உள்ளே படிக்க முடிந்த தமிழ் வரி அது ஒன்றுதான். ஒலிப்பதிவுகளைக் காணோம்.

கல்லூரி அலுவலகத்தில் கடைக்காரரின் அச்சுப் பிரதி இருந்தது. அதன் கடைசித் தாளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"பார்டர் நன்னா வந்திருக்கு இல்லே?" என்றார்.

"அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்."

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நேக்குப் பேசத்தான் வரும் சார்," என்றார். குரல் இறங்கவில்லை, சற்று எரிச்சல்கூட இருந்தது. "படிக்க யாராத்துல சொல்லித்தரா இப்பல்லாம்? நீங்க குடுத்ததுதானேன்னு சைன் பண்ணிட்டேன்."

தமிழ் படிக்கத் தெரியாதவர்களை நான் இளக்காரமாக நினைப்பவன் அல்ல. பம்பாயில் பிறந்த தமிழர்களில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான்; அவர்களுக்காகத்தானே உட்கார்ந்து எழுதினேன். படிக்கத் தெரியாமல் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதுவது வேறு சாதி. லேபில் ரத்தக் குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டும் அந்தப் பெண் இப்படி ஒருமுறை செய்தால் வேலை போய்விடும். இவர் செய்தால் விளக்கேற்றுவார்கள்.

"ஒலிப்பதிவு எங்கே?" என்று கேட்டேன்.

"சர்வர்ல இடம் இல்லேன்னுட்டான் வெண்டர்."

"முதல்வரின் வரவேற்புரை வீடியோ இருக்கிறதே?"

"அது இருக்கணுமோல்லியோ?"

"எப்போது சரிசெய்வீர்கள்?"

"டீம் வந்துட்டுப் போகட்டும். இப்போ கைவச்சா எல்லாம் டிஸ்டர்ப் ஆயிடும். ஜனவரில பாத்துக்கலாம்."

ஜனவரியில் எந்தப் பெண்கள் ஞாயிறும் இல்லை.

வீட்டுக்கு வந்து என் பாடங்களை நானே இணையத்தில் வைக்க முடிவு செய்தேன். அது ராக்கெட் விடுகிற காரியம் இல்லை. இலவசமாக இடம் கொடுக்கும் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம். மேலே ஒலியைக் கேட்கும் பொத்தான். கீழே உண்மையான தேதி. தோரணம் இல்லை, சுழலும் சின்னம் இல்லை, கடவுச்சொல் இல்லை. தாராவிச் சந்துக்குள் சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும்போதும் திறக்க வேண்டும் என்பதால் ஒலிக்கோப்புகளைச் சுருக்கினேன். தலைப்பில் குரங்கைத் திரும்ப ஏற்றினேன்.

விஷயம் தெரிந்ததும் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். "அது காலேஜோட பிராபர்ட்டி சார். நீங்க பாட்டுக்கு வெளில போட முடியாது."

"யாரும் நகலெடுக்கலாம் என்ற வாசகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

"அது பாயின்ட்டுக்காகப் போட்டது!"

இதைவிடச் சுத்தமாக அந்தக் கல்லூரியின் வரலாற்றை ஒரு வரியில் எழுத என்னால் முடியாது.

அந்தப் பெண்ணுக்கு இணைப்பை அனுப்பினேன். லேபில் ரத்தம் எடுத்து முடித்து அடுத்த ஆள் சட்டைக் கையை மடக்குவதற்குள் ஒரு சொல், வீட்டுக்குப் போகிற வழியில் தொண்ணூறடி ரோட்டின் இரைச்சலில் ஒரு சொல் என்று கேட்டாள். சந்தேகங்கள் வந்தபடி இருந்தன.

"சார், பாடத்துக்கு நடுவுல குக்கர் விசில் வருதே."

"அது அடுத்த பாடம்."

"பாவத்துக்கு எந்த ப சார்?"

"தண்ணீர் ப."

"பாவனைக்கு?"

"குரங்கு ப," என்றேன். சொல்லும்போதே கல்லூரியின் முகப்புக் கட்டடம் கண்முன் வந்து போனது.

பயப்படாதே என்ற சொல்லை அவளுக்காகத் தனிப் பக்கமாகவே வைத்தேன். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. முதல் ப குரங்கு. நடுவில் இரட்டித்து நிற்கும் ப்ப தண்ணீர். இரட்டித்தால் எப்போதும் அழுத்தம்தான். உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் டாவும் தேயும் மென்மை. எழுத்தைப் பார்த்தவுடன் உதடு இதையெல்லாம் தானாகச் செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சொல் சரியாக இருந்தது. "எங்க வீட்டு குக்கர் ரிப்பேரு சார், அதான் மிக்ஸி," என்று எழுதியிருந்தாள்.

ஒத்திகைக்கு முந்தின வாரம் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வந்துபோனது. தோரணம் கட்டிய பக்கங்களைப் பார்த்து, வட்டார மரபைப் பிரதிபலிப்பதாக அவர்கள் பாராட்டினார்களாம். ஒருங்கிணைப்பாளர் இதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு இன்னொரு தேவையும் இருந்தது. என் தளத்தையும் கல்லூரிக் கணக்கில் காட்ட வேண்டுமாம்.

"இப்போ ஓப்பன் பண்ணி வச்சுண்டு பாத்துண்டிருக்கேன் சார். உள்ளே எப்படிப் போறது? லாகின் எங்க இருக்கு?"

"லாகின் இல்லை. உள்ளேதான் இருக்கிறீர்கள்."

"இல்லியே. தமிழா இருக்கே எல்லாம்."

நான் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒத்திகையில் அவள் தேறினாள். தேறியதைச் சொல்லக் கூப்பிட்டவள், "நாளைக்கு வாங்க சார், அக்கா தேத்தண்ணி தருவாக," என்றாள். போனேன். எனக்குப் பழக்கமில்லாத வழிபாடு. கடைசி பெஞ்சில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்தேன். முன் பெஞ்சுகளில் போன வருஷம் சிரித்த சிறுவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்கு எந்தச் சொல் என்று தெரியும்.

அவள் கைப்பேசியைக் கொண்டுவரவில்லை. கனமான புத்தகத்தைத் திறந்து, வரியின் மேல் விரலை வைத்து வாசித்தாள். மெதுவாகத்தான். எங்கேயோ ஒரு பழைய ராஜாவின் நீண்ட பெயரில் சிக்கி, நின்று, மறுபடி எழுத்தெழுத்தாக ஏறி இறங்கினாள். அதற்கு நான் பாடம் எழுதியிருக்கவில்லை. அந்தச் சொல் வந்தது. குரங்கு, தண்ணீர், அப்புறம் மென்மையாக மீதி. வீட்டில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். முன் பெஞ்சில் சிறுவர்கள் ஏமாந்து போனார்கள்.

வெளியே சபைக் கோயிலின் முற்றத்தில் செக்ரட்டரி அக்கா, டீ டம்ளரை அவள் கையில் திணித்தபடி கேட்டார்: "ஏட்டி, போன வருசத்து பம்பாய்த் தமிழு எங்க போச்சு?"

"அது சயான்லயே எறங்கிருச்சுக்கா."

"கிறிஸ்துமஸுக்கும் நீயே வாசி. எனக்குக் கண்ணாடி மாத்தணும், எழுத்தே தெரிய மாட்டேங்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "அந்த ராஜா பேருக்கு ஒரு பாடம் போடுங்க சார்."

செம்பூர் திரும்பியதும் கணினியைத் திறந்தேன். 'குரங்கு ப, தண்ணீர் ப' என்ற பாடத்தின் அடியில், எழுதிய தேதிக்குக் கீழே, இந்தப் பாடத்தைப் படித்த ஒருவர் இன்று சபையில் வாசித்தார் என்று ஒரு வரி சேர்த்து, அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போட்டேன். பிறகு கல்லூரித் தளத்தையும் ஒருமுறை பார்த்தேன். அதன்பிறகு ஜனவரியும் வந்து போய்விட்டது. இப்போதும் அவ்வப்போது பார்க்கிறேன். அங்கே அதே பாடம், நான் அதை எழுதுவதற்கு முந்தைய வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு, கடவுச்சொல் உள்ளவர்களை மட்டும் கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டிருக்கிறது.